கையெழுத்துப் போட்டாச்சு, இப்போ போக மனசில்லை: வெளிநாட்டுத் தாதிமை ஒப்பந்தத்திலிருந்து விலகலாமா?

வேலை கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சேதி போயிடுச்சு. வார்டில் பிரியாவிடை விருந்து எந்தக் கடையில் என்றுகூடப் பேச்சு தொடங்கிவிட்டது. ஆனால், புறப்படும் நாள் நெருங்க நெருங்க உங்க மனசு மட்டும் பின்னால் இழுக்கிறது.

இந்த நிலையில் இருக்கும் இளம் தாதியரிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போ வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?"

ஏஜெண்டிடம் கேட்டால் "பிளாக்லிஸ்ட் ஆயிடுவீங்க" என்பார். நண்பரிடம் கேட்டால் "ஒண்ணும் ஆகாது, போனை எடுக்காம விட்டுடு" என்பார். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

டிக்டாக்கில் நாம் பார்க்கும் அமெரிக்க 'டிராவல் நர்ஸ்' ஒப்பந்தங்கள் வழக்கமாக 13 வாரத்துக்குத்தான். பிடிக்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டிவிடலாம். நம்ம ஆளுங்க சிங்கப்பூருக்கோ சவூதிக்கோ போடும் கையெழுத்து பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் நீளும். அதனால் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்:

• உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க யாராலும் முடியாது. ஆனால், பணம் கேட்க முடியும்.
• எவ்வளவு பணம் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: தாளில் என்ன எழுதியிருக்கிறது, நீங்க எந்தக் கட்டத்தில் விலகுறீங்க.
• ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடும்போது விலகுவதற்கான விலை ஏறிக்கொண்டே போகும்.
• சொல்லாமல் காணாமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்னைக் கட்டாயப்படுத்தி அனுப்ப முடியுமா?

முடியாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 20ஆவது பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது. ஒருவருடைய தனிப்பட்ட திறமையை நம்பியிருக்கும் ஒப்பந்தத்தை 'செய்தே ஆக வேண்டும்' என்று நீதிமன்றம் உத்தரவிடாது. தாதிமை அப்படிப்பட்ட வேலை.

ஒப்பந்தத்தை மீறுவது குற்றச்செயலும் இல்லை. "போலீஸ்ல புகார் கொடுப்போம்" என்று யாராவது மிரட்டினால், அவர்கள் வெறும் பயத்தைத்தான் காட்டுகிறார்கள். இது இரு தரப்புக்கு இடையிலான சிவில் விவகாரம். அதிகபட்சம் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம்.

ஆனால், 'பணம் மட்டும்தானே' என்று லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர மலேசியாவில் 6 ஆண்டு கால அவகாசம் உண்டு. இன்று அமைதியாக இருக்கும் விஷயம், நீங்க கார் கடனுக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில் கடிதமாக வந்து கதவைத் தட்டலாம்.

நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்க?

'விலகலாமா' என்ற ஒரே கேள்விக்கு நான்கு கட்டங்களில் நான்கு விதமான பதில் உண்டு.

முதல் கட்டம்: கையெழுத்துப் போட்டாச்சு, இங்கே இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. இதுதான் மலிவான நேரம். உங்க வேலை கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் மருத்துவமனைக்கு ஆகியிருக்கும் செலவும் குறைவு. சந்தேகம் இருந்தால் ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காதீங்க. முதலில் ஒப்பந்தக் கேள்வியை முடிச்சுக்குங்க.

இரண்டாம் கட்டம்: ராஜினாமா கொடுத்தாச்சு, நோட்டீஸ் காலம் ஓடுகிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டு வரை 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் நோட்டீஸ். ஏற்றுக்கொள்ளப்பட்ட ராஜினாமாவை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. மருத்துவமனை சம்மதிக்க வேண்டும். ஆனால், கேட்பதில் தவறில்லை. உங்க இடத்துக்கு ஆள் எடுப்பதற்குள் மேட்ரனிடம் நேராகப் போய்க் கேளுங்க. பல வார்டுகளில் ஆள் பற்றாக்குறை இருக்கும் காலம் இது. "இருங்க" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாம் கட்டம்: வேலை அனுமதி வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, இன்னும் வேலை தொடங்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோட்டீஸ் காலம் பற்றிய சட்ட விதிகள் வேலை தொடங்கிய ஊழியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேலைக்குச் சேரும் முன்பே விலகினால் என்ன என்பதற்குப் பெரும்பாலும் ஒப்பந்த வாசகம்தான் பதில் சொல்லும். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்க.

நான்காம் கட்டம்: போய்ச் சேர்ந்தாச்சு, வேலையும் தொடங்கியாச்சு. இப்போது அந்த நாட்டின் வேலைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சிங்கப்பூரில், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படாவிட்டால் 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். ஒப்பந்தத்தில் 'ஒரு மாதம்' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு மாதமே செல்லும். நோட்டீஸ் கொடுக்க முடியாவிட்டால் அதற்கு ஈடான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகலாம்.

தாளில் எதைத் தேடணும்?

பலர் ஒப்பந்தத்தில் சம்பளப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இப்போது உட்கார்ந்து மற்ற பக்கங்களைப் படிங்க. கையில் ஒரு ஹைலைட்டர் இருக்கட்டும். கீழே உள்ளவற்றைத் தேடுங்க.

1. வேலை தொடங்கும் முன் விலகினால் என்ன என்று சொல்லும் விதி. அதே போல, மருத்துவமனை உங்களை ரத்து செய்தால் என்ன என்று சொல்லும் விதி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் குறித்து வைங்க.

2. நன்னடத்தைக் காலம், அதாவது புரோபேஷன், எத்தனை மாதம்? அதற்குள் விலகினால் நோட்டீஸ் எவ்வளவு? 'போய்ப் பார்த்துட்டு வரலாம்' என்ற முடிவு இந்த வரியைப் பொறுத்தது.

3. பணத் தொகை. 'செலவைத் திருப்பித் தர வேண்டும்' என்று இருக்கிறதா, இல்லை நேராக ஒரு தொகை எழுதியிருக்கிறதா? செலவு என்றால் எந்தெந்தச் செலவு? டிக்கெட், விசா, தேர்வுக் கட்டணம், தங்குமிடம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா?

4. அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா? நியாயமான ஒப்பந்தத்தில் 20 மாதம் வேலை செய்தவரும் 2 மாதம் வேலை செய்தவரும் ஒரே தொகையைக் கட்ட வேண்டியிருக்காது.

5. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? இது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கும்.

6. ஜாமீன் கையெழுத்து யாருடையது?

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாண்டு பத்திரத்தில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்க கட்டாத பணத்தை அவரிடம் கேட்கலாம். நீங்க சிங்கப்பூரில் இருந்தாலும் ரியாத்தில் இருந்தாலும் அவர் இங்கேதான் இருப்பார். முடிவெடுக்கும் முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்க. வழக்கறிஞர் கடிதம் வந்த பிறகு அவருக்குத் தெரியவருவது நல்லதில்லை.

பழைய பாண்டு மேலே புதிய பாண்டா?

தனியார் மருத்துவமனையின் உதவியோடு டிப்ளோமா படித்தவர்களில் பலர், படித்து முடித்ததும் அங்கேயே சில ஆண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலம் முடியும் முன் வெளிநாட்டு ஒப்பந்தம் போட்டால், உங்க தலைமேல் இரண்டு ஒப்பந்தம். சில ஏஜெண்டுகள் "பழைய பாண்டை நாங்க கட்டிடுறோம்" என்பார்கள். அப்படியானால் அந்தப் பணம் எங்கேயும் போய்விடவில்லை. புதிய ஒப்பந்தத்தில் உங்க கடனாக உட்கார்ந்திருக்கும். விலகும்போது அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

அரசாங்கக் கல்வி உதவியில் படித்தவர்களுக்கு இன்னொரு குறிப்பு. "கையெழுத்துப் போடும்போது எனக்கு 18 வயதுகூட ஆகல" என்ற வாதம் அங்கே எடுபடாது. 1976ஆம் ஆண்டின் ஒப்பந்தத் திருத்தச் சட்டம் கல்வி உதவி ஒப்பந்தங்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டது.

எழுதிய தொகை முழுசையும் கட்டணுமா?

கட்டாயமில்லை. ஆனால் 'எழுதியிருந்தாலும் செல்லாது' என்று நினைத்துக்கொண்டு தூங்கவும் முடியாது.

மலேசியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தம் என்றால், 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். அதில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் 'நியாயமான இழப்பீடு' மட்டுமே கிடைக்கும். முன்பெல்லாம் பணம் கேட்பவர் தனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதை மாற்றியது. இப்போது 'இந்தத் தொகை நியாயமற்றது' என்று காட்ட வேண்டிய பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் பக்கம், அதாவது உங்க பக்கம்.

சிங்கப்பூர்ச் சட்டம் என்றால் அளவுகோல் கொஞ்சம் வேறு. 2020இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய அளவுகோலையே உறுதி செய்தது. ஒப்பந்தம் போட்ட நேரத்தில், ஏற்படக்கூடிய நஷ்டத்தை நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகையா, இல்லை பயமுறுத்த எழுதிய அபராதமா என்று பார்ப்பார்கள். அபராதம் என்றால் செல்லாது.

பிரிட்டனில் தாதியரை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கு அரசாங்க நெறிமுறை ஒன்று இருக்கிறது. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டபோது, பணம் திருப்பிக் கேட்கும் விதிகள் பற்றியும் அதில் எழுதப்பட்டது. என்ன செலவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தொகை நியாயமாக இருக்க வேண்டும், நாளாக ஆகக் குறைய வேண்டும் என்பது அதன் சாரம். உங்க ஒப்பந்தம் வேறு நாட்டுக்காக இருந்தாலும் இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? "நீங்க எனக்காகச் செலவு செய்ததற்கான ரசீதுகளோடு விவரம் கொடுங்க" என்று எழுத்தில் கேளுங்க. 20,000 ரிங்கிட் கேட்பவரிடம் 6,000 ரிங்கிட்டுக்குத்தான் ரசீது இருந்தால், பேரம் பேச உங்களுக்கு இடம் கிடைக்கும். தவணையில் கட்டவும் கேட்கலாம்.

சவூதி வேறு கணக்கு

சவூதியில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்நாட்டு வேலைச் சட்டப்படி வெளிநாட்டு ஊழியரின் ஒப்பந்தம் எழுத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு இருக்க வேண்டும். அதன் 77ஆவது பிரிவுதான் முக்கியம். தகுந்த காரணம் இல்லாமல் பாதியில் முறித்தால், ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதப்படாவிட்டால், மீதமுள்ள காலத்துக்கான சம்பளத்தை இழப்பீடாகக் கேட்கலாம். இது இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு தரப்புக்கும் பொருந்தும் விதி இது. 2 ஆண்டு ஒப்பந்தத்தில் 5ஆவது மாதம் கிளம்பினால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

ஆள் எடுக்கும் கட்டணம், வசிப்பு அனுமதிக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவை முதலாளியின் பொறுப்பு. ஆனால் நியாயமான காரணம் இல்லாமல் நீங்களாகத் திரும்பினால், டிக்கெட் உங்க செலவு.

2021 மார்ச் முதல் தனியார் துறை ஊழியர்கள் முதலாளியின் சம்மதம் இல்லாமலே நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பிக்கலாம். இது பெரிய மாற்றம். என்றாலும், வெளியேறிவிட்டால் ஒப்பந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சொல்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தால், உங்களை 'வேலைக்கு வராதவர்' என்று முதலாளி புகார் பதிவு செய்யலாம். பிறகு அந்த நாட்டுப் பக்கம் திரும்பிப் போவது சிக்கல். விலகுவதென்றால் விமானம் ஏறும் முன், இல்லாவிட்டால் நன்னடத்தைக் காலத்துக்குள் விலகுவது நல்லது.

ஏஜெண்ட் மிரட்டினால்?

மலேசியாவில் வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அங்குள்ள முகவை ஊழியரிடமிருந்து வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். முதல் 6 மாதத்துக்குள் முதலாளியே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால், கட்டணத்தில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டும். நீங்களாக விலகினால் இந்தச் சலுகை கிடையாது. முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்க.

கடப்பிதழை யாரும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது மலேசியாவில் குற்றம். "பணத்தைக் கட்டு, பாஸ்போர்ட்டைத் தர்றேன்" என்று சொன்னால், அதை அவர் கைப்பட வாட்ஸ்அப்பில் எழுத வைங்க. அந்தச் செய்தி பின்னால் உங்களுக்கு உதவும்.

சிங்கப்பூர் வேலை அனுமதிக்கு முதலாளி கட்டும் தீர்வையை ஊழியரிடமிருந்து பிடிக்க முடியாது. விலகும்போது கொடுக்கும் பில்லில் அது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்க.

என் லைசென்ஸ் போயிடுமா?

தாதியர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 'விலகினால் வாரியத்தில் புகார் கொடுப்பார்கள், உரிமம் போய்விடும்' என்ற பேச்சு எங்கும் உண்டு.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தை விடுவது ஒன்று. பொறுப்பில் இருக்கும் நோயாளியை விட்டுப் போவது இன்னொன்று. இரண்டாவதுதான் தொழில்நெறிப் பிரச்சினை. ஷிஃப்ட் நடுவில், யாரிடமும் ஒப்படைக்காமல் வெளியேறினால் எந்த நாட்டு வாரியமும் கேள்வி கேட்கும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2006 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்த 10 பிலிப்பீன்ஸ் தாதியர், சொன்னபடி வேலை நிலைமை இல்லை என்று ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தார்கள். நிறுவனத்தின் பெயரில் 'செந்தோசா' என்று இருக்கும், ஆனால் சிங்கப்பூர்த் தீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த குழந்தைகளும் உண்டு. தாதியர் ஷிஃப்டை முடித்துவிட்டோ, அடுத்த ஷிஃப்டுக்கு முன்பே தெரிவித்துவிட்டோதான் விலகினார்கள். நோயாளி யாரும் கவனிப்பில்லாமல் விடப்படவில்லை. உரிமங்களைக் கவனிக்கும் மாநிலத் துறை விசாரித்து, தொழில்நெறித் தவறில்லை என்றது. அப்படியும் 2007இல் அவர்கள்மீது குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. 2009 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. வேலையை விட்டதற்காகத் தண்டிப்பது, அமெரிக்க அரசியலமைப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பில் போய் முடியும் என்பது அதன் நிலை.

10 ஆண்டு கழித்து, 2019இல், அதே நிறுவனக் குழுமத்தோடு தொடர்புடைய இன்னொரு வழக்கு. ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் 25,000 அமெரிக்க டாலர் வரை கட்ட வேண்டும் என்ற விதி செல்லாத அபராதம் என்று நியூயார்க்கிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அது அமெரிக்கச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும். அந்த 10 பேரைக் காப்பாற்றியதில் அவர்கள் விலகிய விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஷிஃப்டை முடித்தார்கள். முன்கூட்டியே தெரிவித்தார்கள்.

சிங்கப்பூர் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லணும். வெளிநாட்டில் படித்த தாதியர் அங்குள்ள தாதிமை வாரியத்தில் பதிவு செய்ய, அங்குள்ள ஒரு சுகாதார நிறுவனத்தின் வேலை வாய்ப்பு கையில் இருக்க வேண்டும். வேலை வேண்டாம் என்றால் அந்தப் பதிவு முயற்சியும் அதோடு நிற்கும். பின்னால் வேறு மருத்துவமனை வழியாகத் திரும்ப முயலலாம். ஆனால் அதே மருத்துவமனைக் குழுமம் உங்க பெயரை மறக்காது. 'பிளாக்லிஸ்ட்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த அளவுதான்.

போனால் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு?

3,400 சிங்கப்பூர் வெள்ளியை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்ததும் எல்லாருக்கும் கண் விரியும். ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வரியை விட்டுவிடலாம்.

கிள்ளானில் ஒரு தாதி அலவன்ஸோடு 3,800 ரிங்கிட் வாங்குகிறார். அவர் பங்கு இ.பி.எஃப். 11 விழுக்காடு, 418 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 494 ரிங்கிட். மாதச் செலவு 1,500 ரிங்கிட் போனால் கையில் 1,882 ரிங்கிட், இ.பி.எஃப்.-இல் 912 ரிங்கிட். மொத்தம் 2,794 ரிங்கிட் சேர்கிறது.

அவரே சிங்கப்பூரில் 3,400 வெள்ளி வாங்கினால்? அறை, சாப்பாடு, போக்குவரத்து, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளி என்று வைப்போம். மிச்சம் 1,400 வெள்ளி, அதாவது 4,620 ரிங்கிட். வெளிநாட்டவர் என்பதால் அங்கே மத்திய சேமநிதி கிடையாது, முதலாளி பங்கும் கிடையாது.

வித்தியாசம் மாதம் 1,826 ரிங்கிட். இரண்டு ஆண்டில் சுமார் 44,000 ரிங்கிட். குறைவான தொகை இல்லைதான். ஆனால் முதலில் மனசில் தோன்றிய 'மூன்று மடங்கு சம்பளம்' இல்லை.

இப்போது இன்னொரு பக்கம். விலகினால் 5,000 வெள்ளி, அதாவது 16,500 ரிங்கிட் கட்ட வேண்டும் என்றால், அது அந்த வித்தியாசத்தில் சுமார் 9 மாதம். உங்க எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்க. அப்போது கேள்வி தெளிவாகிவிடும்: 'மாதம் இவ்வளவு ரிங்கிட்டுக்காக நான் எதை விட்டுட்டுப் போறேன்? வேணாம்னு சொல்ல எவ்வளவு கொடுக்கத் தயார்?'

எதனால் மனசு மாறியது?

கணக்கு முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். அதை நீங்கதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'புது வார்டு, புது சிஸ்டர், என் ஆங்கிலம் போதுமா, தனியா இருக்க முடியுமா' என்பதெல்லாம் பயம். எந்த நாட்டுக்குப் போனாலும், பத்து ஆண்டு கழித்துப் போனாலும் இந்தப் பயம் வரும். இதற்காக மட்டும் விலகினால், அடுத்த வாய்ப்பிலும் இதே இடத்தில் வந்து நிற்பீங்க.

வேறு வகைக் காரணங்களும் உண்டு. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஐ.சி.யு. என்று சொல்லி எடுத்தவர்கள் இப்போது வேறு வார்டு என்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், வேலை அனுமதிக்கான முன் அனுமதிக் கடிதத்தில் வேறு சம்பளம். கையெழுத்துப் போட்ட பிறகு புதிதாக ஒரு பாண்டு தாளை நீட்டுகிறார்கள். இதெல்லாம் உங்க பயம் கிடையாது. நிலைமையே மாறியிருக்கிறது. அவர்கள் பக்கமே மாறியிருந்தால், விலகும்போது உங்க வாதமும் வலுவாக இருக்கும். எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வைங்க.

இரண்டும் கலந்திருந்தால், 'வேணாம்' என்பதற்கு முன் 'தள்ளிப்போட முடியுமா' என்று கேட்டுப் பாருங்க. வேலை தொடங்கும் தேதியை 2 மாதம் தள்ளி வைக்கச் சம்மதிக்கும் மருத்துவமனைகளும் உண்டு. நல்ல தாதியை இழப்பதைவிடக் காத்திருப்பது அவர்களுக்கு மலிவு.

விலகுவதென்று முடிவு செய்தால்

தாமதிக்காதீங்க. முடிவெடுத்த அன்றைக்கே எழுதுங்க. போனில் மட்டும் சொல்லாமல், மின்னஞ்சலில் மருத்துவமனைக்கும் ஏஜெண்டுக்கும் சேர்த்து அனுப்புங்க.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இந்தத் தேதியிட்ட ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன், இத்தனையாவது விதிப்படி அறிவிப்பு தருகிறேன், நான் ஏதேனும் செலவைத் திருப்பித் தர வேண்டுமென்றால் ரசீதுகளோடு விவரம் அனுப்புங்கள், என் அசல் ஆவணங்களைத் திருப்பித் தாருங்கள். இந்த நான்கு வரி போதும். பொய்க் காரணம் எழுதாதீங்க. 'பாட்டி இறந்துட்டாங்க' என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் வேறு மருத்துவமனைக்குப் போனால், தாதியர் வட்டம் சின்னது, தெரிந்துவிடும்.

பெரிய தொகை கேட்டால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்க. வசதி குறைவென்றால் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ அணுகலாம். உங்க தொழிற்சங்கத்திலும் கேட்கலாம்.

போவதென்று முடிவு செய்தால்

அப்படியானாலும் இந்த வேலை வீண்போகாது. விலகும் விதிகளைத் தெரிந்துகொண்டு போகிறவர் நிம்மதியாகப் போகலாம். புறப்படும் முன் மூன்று காரியம் செய்யுங்க. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை ஜாமீன் போட்டவரிடம் கொடுங்க. நன்னடத்தைக் காலம் முடியும் தேதியைக் கைப்பேசியில் குறித்து, அதற்கு 2 வாரம் முன்பே நினைவூட்டல் வைங்க. விலகினால் கட்ட வேண்டிய தொகையில் பாதியையாவது முதல் சில மாதச் சம்பளத்திலிருந்து தனியாகச் சேர்த்து வைங்க.

அந்தப் பணம் வங்கியில் இருந்தால், அங்கே போன பிறகு 'இருக்கணுமா, திரும்பணுமா' என்ற கேள்வி வரும்போது கடனைப் பார்த்துப் பயப்படாமல் பதில் சொல்லலாம். தேவைப்படாவிட்டால், ஒப்பந்தம் முடியும்போது அதுவும் உங்க சேமிப்புதான்.